சிவப்புக் கொடியை இறக்காத சவரிமுத்து அண்ணன்

சவரிமுத்து அண்ணன் போயிட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணியபோது காபி டம்ளரோடு நின்றிருந்தேன். தொண்ணூறை நெருங்கிய உடம்பு, எதிர்பார்த்த செய்திதான்... ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம். அறந்தாங்கிப் பக்கம் பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வந்த சர்வே பார்ட்டியில் நாங்கள் இரண்டு பேரும் தினக்கூலி. சண்டை நேரம், நாட்டுக்கு எண்ணெய் வேண்டும், சீக்கிரம் சீக்கிரம் என்று மேலிருந்து விரட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வேலை இதுதான். நிலத்தில் துளை போட்டு வெடி வைப்பார்கள். அந்த அதிர்வு கீழே போய்த் திரும்பி வருவதை, வயலில் வரிசையாகக் குத்தி வைத்த சின்னச் சின்னக் கருவிகள் பிடித்து லாரியில் இருக்கும் மெஷினுக்கு அனுப்பும். அந்த நேரம் பார்த்து பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி போனாலும் ரெக்கார்டு கெட்டுவிடும்.

அதனால் முன்னாலேயே ஊருக்குள் போய் எல்லாரையும் அசையாமல் இருக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆபீசர் அதற்குப் பிடித்தது யாரை... எங்கள் கூட்டத்திலேயே பெரிய தொண்டைக்காரரை. சத்தம் போடாதீங்க என்று அண்ணன் கத்துவது அடுத்த ஊருக்கே கேட்கும்.

ஊர் அடங்கிவிட்டால் பச்சைக் கொடி காட்டுவார். அதுவரை சிவப்பு.

ஒருமுறை நெல் குத்திக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஆத்தா, ரெண்டு நிமிஷம் ஒலக்கையக் கீழ வைங்க" என்றார்.

"நீ வெடி போடலாம், நான் நெல்லு குத்தக் கூடாதா? நல்லாருக்குய்யா ஒங்க நியாயம்."

அண்ணன் உலக்கையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பச்சைக் கொடியைக் காட்டினார். வெடித்து முடிந்ததும் மிச்ச நெல்லை அவரே குத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது அவருக்கு. "இது மட்டும் பெர்மனன்ட் ஆயிட்டா போதும்டா, வேற ஒண்ணும் வேணாம்" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். ஆபீசரும் அவர் பேரை எழுதி அனுப்பியிருந்தார்.

அப்புறம் ஒரு நாள்... வெடி ரெடி, லாரி ரெடி. தெருமுனையில் நின்ற அண்ணன் கையில் சிவப்பு. ஹார்ன் அடித்துப் பார்த்தோம். சிவப்புதான்.

ஆபீசர் கோபமாக ஜீப்பை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

போனால், பட்டாளத்தில் இருந்த பையன் சண்டையில் செத்துப்போனதாக ஒரு வீட்டுக்குத் தந்தி வந்திருக்கிறது. அம்மாக்காரி வாசலில் மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்கப் பெண்கள். எங்கள் கருவிகள் அந்த வீட்டுக்குப் பின்னால்தான்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. அவருக்கும் நெருக்கடி. "ரெண்டே நிமிஷம்தான்... கேட்டுப் பாருப்பா" என்றார்.

"நான் கேக்க மாட்டேன் சார்."

"வேலை போயிடும் சவரிமுத்து."

"போகட்டும் சார். வேணும்னா நீங்க போயி அந்த ஆத்தாகிட்ட கேளுங்க. நான் இங்கிட்டே நிக்கிறேன்."

அவ்வளவு பெரிய தொண்டை... பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆபீசர் இறங்கிக் கொஞ்ச தூரம் போனார். நின்றார். திரும்பி வந்து ஜீப்பில் ஏறிவிட்டார். அன்று வெடி வெடிக்கவில்லை.

மறுநாள் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு கடைசி வரை கோட்டைப்பட்டினத்தில் மீன் வியாபாரம்தான். அந்த நாளைப் பற்றி நான் எப்போது பேச்செடுத்தாலும், "கொழம்பு ஆறுது, சாப்பிடுடா" என்பார்.

இன்று போனில் மகள் பேசும்போது பின்னால் பெண்கள் அழுகிற சத்தம். "நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்கல சித்தப்பா. இருங்க, இவங்கள செத்த நேரம் சும்மா இருக்கச் சொல்றேன்" என்றாள்.

வேணாம்மா, அழட்டும் என்றேன்.

பஸ் ஏறிட்டேன் அண்ணே... வாரேன்.