புதுநன்மைப் பூசையில் அம்மா வாசித்தது

எங்கள் வீட்டுக்குக் கீபோர்டு வந்த அன்று அப்பா முதலில் விசாரித்தது, அது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைத்தான். குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த நீளமான அட்டைப் பெட்டியைத் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் மடியில் கிடத்தியே கொண்டுவந்திருந்தார். புல்லாங்குழல் சத்தம் வரும், வயலின் சத்தம் வரும், தாளம் தானாகவே போடும் என்றெல்லாம் சொல்லத் தயாராக இருந்தவர், இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பாப்பாவுக்கு என்று ஆசையாக வாங்கியது மச்சான் என்று மட்டும் சொன்னார். பாப்பா என்பது நான். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் ஒரு நிலையில் நிற்காது. கிணற்று மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது வீட்டு பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். மோட்டார்கள் நின்றதும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். எங்கள் மோட்டாரின் சுருள்கம்பி இப்படித்தான் எரிந்துபோய், ஒரு கோடையில் சம்பங்கிச் செடிகள் தண்ணீர் இல்லாமல் கருகின. அதற்குப் பிறகு அப்பா, வரப்பில் பாம்பு குறுக்கே போனால் நின்று நிதானமாக வழிவிடுவார். ஆனால் வீட்டில் பல்பு கொஞ்சம் பளிச்சென்று எரிந்துவிட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடுவார்.

கீபோர்டோடு வந்த அடாப்டரின் கால்கள் தட்டையாக இருந்தன. எங்கள் சுவரில் இருந்ததோ உருண்டைத் துளை. மாமா சற்றும் தயங்காமல், ஒயரை வெட்டி இரண்டு தீக்குச்சி வைத்துத் துளையில் சொருகிவிடலாம் என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் அதற்குப் பொருந்துகிற பிளக்கோடு வந்தார். அதுவரை கீபோர்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக் உறைக்கு மேலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் ஜப்பானில் அச்சான ஒரு விளக்கப் புத்தகம் இருந்தது. அதில் எத்தனையோ மொழிகள், தமிழ் மட்டும் இல்லை. அம்மா திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி பன்னிரண்டாவது வரை படித்தவள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். அந்த இங்கிலீஷை அதற்குப் பிறகு பூச்சிமருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் பயன்படுத்தியிருந்தாள். இப்போது தரையில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, படித்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆடுகிற மேசையில் வைக்கக் கூடாதாம். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கக் கூடாதாம். வெயில் படக் கூடாதாம். இதோடு வந்த அடாப்டரைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாதாம். மாட்டும்போதும் கழற்றும்போதும் கீபோர்டு அணைந்திருக்க வேண்டுமாம், சத்தத்தைக் குறைத்து வைத்திருக்க வேண்டுமாம். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டுமாம்.

அப்பா கோயிலில் பைபிள் வாசகம் கேட்பதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அந்தப் புத்தகத்தை எழுதியவனை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. தன்னைப் போல ஒருவன் ஜப்பானில் இருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். மறுநாளே பூ எடை போடுகிற மேசையை வீட்டுக்குள் கொண்டுவந்து, கால்களுக்குக் குறுக்கே சட்டம் அடித்தார். ஏறி நின்றும் பார்த்தார். ஆடவில்லை. ஒயர் யார் காலிலும் தட்டாமல் சுவரோரமாகவே போகும்படி கிளிப் அடித்தார். ஜன்னலுக்கு ஒரு பழைய வேட்டி திரையானது. எல்லாம் முடிந்து, டியூப் லைட் விட்டு விட்டு மின்னாமல் ஒரே மூச்சில் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் கீபோர்டுக்குக் கரண்ட் கிடைத்தது. மாமா ஒரு பொத்தானை அழுத்த, வீடு முழுக்க யாரோ கல்யாணம் நடத்துவது போலச் சத்தம் வந்தது. அப்பா அதன் பின்னால் கையை வைத்து, சூடாகிறதா என்று பார்த்தார்.

மாமா விடுப்பு முடிந்து போனதும், எனக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அம்மாவிடம் வந்தது. பயிற்சிப் புத்தகம் ஒன்றும் கூடவே வந்திருந்தது. அதைப் படித்து, எந்த விரலுக்கு எந்த எண், எந்தக் கட்டைக்கு எந்தப் பெயர் என்று அவள் முதலில் தெரிந்துகொண்டு, பிறகு எனக்குச் சொல்லுவாள். ஒரு பாட்டு வரைக்கும் கற்றுக்கொண்டேன். அதற்குள் எனக்குச் சலித்துவிட்டது, தெருவில் நொண்டி ஆட ஆள் சேர்ந்துவிட்டது. அம்மா புத்தகத்தை மூடவில்லை.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது தீய்ந்த வாடை அடித்தது. அம்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லை. கட்டைகள் விரல் பட்டு டக் டக் என்று தாழ்கிற ஓசை மட்டும். அடுப்பில் கத்தரிக்காய் வெஞ்சனம் கரியாகிக்கொண்டிருந்தது. நான் போய்த் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். அன்றைக்கு அப்பா அந்தக் கரிந்த வெஞ்சனத்தையே சாப்பிட்டார். பிறகு ஹெட்போனைப் பற்றி மட்டும் ஒரு கவலையைத் தெரிவித்தார். காதை அடைத்துக்கொண்டால் இடி இடிப்பது எப்படிக் கேட்கும்? அம்மா யோசித்துவிட்டு, அப்படியானால் பகலில் பேட்டரியில் வாசிக்கிறேன் என்றாள். டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரிகள் அன்று மாலையே வந்துவிட்டன. ஆனாலும் கன்னிவாடி மலைப் பக்கம் மேகம் இருட்டி உறுமினால், அப்பா தோட்டத்தில் கிடந்த வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். மாட்டாத பிளக்கை மாட்டவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

அடுத்த வருஷம் எனக்குப் புதுநன்மை. முதன்முதலாக நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம், வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், தலையில் வலை, கையில் மெழுகுவர்த்தி எல்லாம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் அதன் தாய் நிற்க வேண்டும். எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. அம்மாவின் பச்சைப் பட்டுப்புடவையை நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

பூசைக்குச் சில நாள் இருக்கும்போது கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்து கீபோர்டை இரவல் கேட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெபமும் பாட்டும் சொல்லிக்கொடுப்பவர் அவர், ஆர்மோனியம் வாசிப்பவரும் அவர்தான். அப்பா தயங்கினார். கோயிலுக்கும் மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். கடைசியில், கூடவே அம்மாவும் வந்து மாட்டிக் கழற்றிக் கொடுப்பது என்று முடிவானது.

ஒத்திகைக்கு நானும் போனேன். உபதேசியார் நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் அவருடைய இடது கை, பல வருஷப் பழக்கத்தில், இல்லாத துருத்தியைத் தேடிக் காற்றில் அசைந்துகொண்டே இருந்தது. அப்படி அசைந்த கை எதன் மேலோ பட, இறைவா இரக்கம் வையும் என்று உருக்கமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டுக்கு நடுவே டமடமவென்று நடனத் தாளம் கிளம்பியது. பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேறொரு தாளம் வந்ததே தவிர நிற்கவில்லை. அம்மா எட்டி ஒன்றை அழுத்தி நிறுத்தினாள். பாட்டு அறுந்துவிடக் கூடாதே என்று நினைத்தாளோ என்னவோ, நின்றவாக்கிலேயே விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். இரண்டு கையாலும் வாசித்தாள். நாங்கள் பாடி முடித்தோம்.

உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, நீங்களே பூசைக்கு வாசிச்சிருங்க. நான் பாட்டைப் பாத்துக்கிறேன்" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை, ஒரு பாரம் இறங்கிய நிம்மதிதான் இருந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அழத் தயாராக உதட்டைப் பிதுக்கினேன். வீட்டுக்கு வந்து முழுமூச்சாக அழவும் செய்தேன். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள். அப்பா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஆத்தா, ஒனக்குப் பின்னால நான் நிக்கிறேன். அம்மா வாசிக்கட்டும்" என்றார்.

எல்லாருக்கும் அம்மா நிற்பாள், எனக்கு மட்டும் மீசை வைத்த ஆள் நிற்பாரா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கன்னிவாடியிலிருந்து அத்தையை வரச் சொல்கிறேன் என்று சமாதானம் செய்தார்.

பூசையன்று காலையில் கோயில் நிறைந்திருந்தது. எனக்குப் பின்னால் அத்தை நின்றாள். அம்மா பாடற்குழுப் பக்கம் பச்சைப் புடவையில் கீபோர்டின் முன் இருந்தாள். அப்பா ஆண்கள் பக்கம் இருக்கவில்லை. பக்கச் சுவரில் சுவிட்சு போர்டுக்கு அடியில் நின்றுகொண்டு, பீடத்தையும் மேலே எரிகிற பல்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள், மகளுக்குப் புதுநன்மை, இந்த மனுசன் ஏன் இப்படி நிற்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நன்மை வாங்க வரிசை நகரத் தொடங்கியதும் பாட்டு எழுந்தது. எனக்கு முன்னால் இன்னும் சிலர்தான். அப்போது விளக்குகள் எல்லாம் திடீரென்று வெள்ளை வெளேர் என்று எரிந்தன. மின்விசிறிகள் வெறி பிடித்தது போலச் சுற்றி ஊளையிட்டன. என்ன நடக்கிறது என்று மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் அப்பா கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அணைத்துவிட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்கிற விதிக்கு நேரமில்லை. அடுத்த நொடியில் மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை வந்தது. அப்பா மெயினையும் இறக்கினார்.

"நியூட்ரல் கம்பி அறுந்துபோச்சு, அதான் கரண்ட் கூடிருச்சு. ஒண்ணுமில்ல, யாரும் எதையும் தொடாதீங்க" என்றார்.

விசிறிகள் தளர்ந்து நின்றன. மைக் இல்லை, பாட்டு இல்லை. கரிந்த வாடை மட்டும் இருந்தது. சாமியார் கையில் அப்பத்தோடு அப்படியே நின்றார். என் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டு இருந்தது, என் முறை வருகிறபோது இப்படி ஆகிவிட்டதே, அதுவும் என் அப்பாவின் கையால் ஆகிவிட்டதே என்று இருந்தது.

அம்மா கீபோர்டின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. உள்ளே பேட்டரி இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு கணம் கண்ணை மூடினாள், விளக்கப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தை மனசுக்குள் புரட்டுவது போல. பிறகு கையைப் பின்னால் விட்டு, கரண்ட் அற்றுப்போன அடாப்டரின் முனையைக் கீபோர்டிலிருந்து உருவினாள். அது குத்தியிருக்கும்வரை பேட்டரி வேலை செய்யாது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சத்தத்தைக் குறைத்தாள், மறுபடி பொத்தானை அழுத்தினாள். சின்னதாகச் சிவப்பு விளக்கு வந்தது.

மைக் இல்லாததால் அந்த ஓசை கோயிலுக்குள் மெல்லியதாகத்தான் கேட்டது. அதைக் கேட்பதற்காகவே எல்லாரும் அமைதியானது போல இருந்தது. கைக்குழந்தை ஒன்று அழுததும் அதை வெளியே தூக்கிப் போனார்கள். அம்மா இரண்டு வரி தனியாக வாசித்தாள். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்க, பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மைக் இருந்திருந்தால் பாடற்குழு மட்டும்தான் பாடியிருக்கும். அன்று ஊரே பாடியது. அதற்கு நடுவே நான் முட்டிபோட்டு நாக்கை நீட்டி என் முதல் நன்மையை வாங்கினேன். அத்தை பின்னாலிருந்து என் வலையைச் சரி செய்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆண்கள் அப்பாவைச் சுற்றிக்கொண்டு டிரான்ஸ்பார்மரைத் திட்டினார்கள். பக்கத்து வீட்டில் டிவி போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். உபதேசியார், ஒங்க வீட்டம்மா இம்புட்டு வாசிப்பாங்கன்னு சொல்லவே இல்லையே என்றார். அப்பா, எனக்கே இன்னைக்குத்தான் சத்தமாக் கேட்டுச்சு என்றார்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த போட்டோக்காரர் ஒவ்வொரு குடும்பமாக மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. அம்மாவைக் காணோம். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனேன்.

உள்ளே யாரும் இல்லை. பெஞ்சுகளில் உதிர்ந்த பூக்கள் கிடந்தன. அம்மா மட்டும் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். பூசையில் பாடிய பாட்டு இல்லை அது. நான் கேட்டறியாத ஏதோ ஒன்று. நடுவில் தடுக்கும், திரும்ப முதலிலிருந்து வரும். காதில் ஹெட்போன் இல்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவள் புடவையின் மேல் விழுந்திருந்தது.

"அம்மா" என்று கூப்பிட வாயெடுத்தேன். அப்பா என் தோளைப் பிடித்தார்.

"இரு ஆத்தா. செத்த நேரம் கழிச்சுக் கூப்புடலாம்."

போட்டோக்காரர் போய்விடுவார் என்றேன். போனால் போகட்டும் என்றார். அத்தை வந்து, கோழிக் குழம்பு ஆறிப்போகும் என்றாள். அவளையும் சும்மா இருக்கும்படி கையைக் காட்டினார். அந்த நாளின் படத்தில் நானும் அப்பாவும் அத்தையும் மட்டும் இருப்பது அதனால்தான். அதுவும் அத்தை வற்புறுத்தி இழுத்துப்போனதால் எடுத்தது. எடுத்து முடித்ததும் அப்பா வாசலுக்கே திரும்பி வந்து, என் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கோ பசி. வெள்ளை கவுன் கழுத்தில் அறுத்தது.

"பூசைதான் முடிஞ்சிருச்சேப்பா" என்றேன்.

"ஆமா, முடிஞ்சிருச்சு" என்றார். ஆனால் நகரவில்லை.

எல்லாரும் போன பிறகு, காலியாகக் கிடக்கிற கோயிலில் அம்மா யாருக்காக வாசிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவைக் கேட்கலாம் என்று அண்ணாந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.