நகரி அக்கா சொன்னது

“…நான் ரேடியோவக் கேட்டுக்கினு காப்பி அடிக்கிறேனாம், இவளுங்க சொல்றாளுங்க. எதுக்கால நிக்கிற இல்ல, நீயே சொல்லு நைனா. அந்தச் சொலவட யாரு சொன்னது?”

நகரியில் ஒரு விசைத்தறிக் கொட்டகை. அந்த அக்கா தன் தறியை நிறுத்திவிட்டு, என் கையிலிருந்த ரெக்கார்டரைப் பார்த்தபடி கேட்டார். சுற்றி நின்ற மூன்று பெண்கள் என் வாயைப் பார்த்தார்கள்.

எங்கள் வானொலி திருப்பதியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் தொடங்கியது. இரண்டு அறை, வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அடுக்கும் அட்டை. நாள் முழுக்கத் தெலுங்கு; காலை ஆறரையிலிருந்து ஒரு மணி நேரம் மட்டும் தமிழ். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான். பெரிய படிப்பு கிடையாது, வாய் உண்டு. பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஜனங்கள் சொல்வதைப் பொறுக்கிவந்து பேசுவேன். முதல் மாதமே சரக்கு தீர்ந்துபோனது.

அப்போதுதான் அக்கா போன் செய்தார். பின்னால் தறியில் நாடாக்கட்டை குறுக்கே ஓடி ஓடித் திரும்பும் சத்தம்.

“நாடா ஓடும்போது கைய விடாத, நாத்தனா பேசும்போது வாய விடாத. எப்பிடி கீது?” என்று கத்திவிட்டுச் சிரித்தார்.

அவரை நேரலையில் பேசவைக்க ஆசைப்பட்டேன். எங்கள் முதலாளி வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். “அந்த டகடக வத்தய்யா! ஜனம் ரேடியோவ ஆஃப் பண்ணிடுவாங்க.”

அக்காவிடம் சொன்னேன். “அப்ப நீயே சொல்லிடு. பேரு கூட வேணா நைனா. நகரி அக்கா சொன்னதுன்னு சொல்லு, போதும்” என்றார்.

ஒரு வாரம் அப்படித்தான் சொன்னேன். பிறகு சித்தூர் சந்தையில் ஒரு புளி வியாபாரி என் குரலை அடையாளம் கண்டு, “எங்கருந்துய்யா புடிக்கிற இதெல்லாம்? வாய்ல இருக்கறது நாக்கா, நாடாவா?” என்று தோளைத் தட்டினார். “அதுவா வர்றதுதாங்க” என்றேன். அவ்வளவுதான். மறுநாள் ‘நகரி அக்கா’ என் வாயில் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

அக்கா மட்டும் தினமும் ஆறேகாலுக்குத் தவறாமல் கொட்டகைக்கு வெளியே வந்து போன் செய்வார். புதிதாக ஒன்று சொல்வார். “நேத்து நகரி அக்கான்னு சொன்னியா?” என்பார். “சொன்னேன்க்கா” என்பேன். விடியற்காலை ஷிப்டுக்காரர் அவர். தறி ஓடும் இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது, ரேடியோ எங்கே கேட்கும்? அது எனக்குத் தெரியும். அந்த தைரியத்தில்தான் அத்தனை வருஷமும் பொய் சொன்னேன்.

இந்த வருஷம் நிலையத்தின் வரலாற்றை ஒரு நிகழ்ச்சியாகச் செய்யச் சொன்னார் முதலாளி. பழைய நேயர்களின் குரல் வேண்டும் என்றார். செய்த தப்பைச் சரிசெய்யத்தான் முதலில் நகரிக்குப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நல்ல குரல், நல்ல சிரிப்பு, நிகழ்ச்சிக்கு ஆகும் என்றுதான் போனேன்.

அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். “ஏய், நிறுத்துங்கடி! நான் ரேடியோல வரப்போறேன்” என்று பக்கத்துத் தறிகளையும் நிறுத்தவைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த நாடா, நாத்தனா சொலவடையையே முதலில் சொன்னார்.

அந்த மூன்று பெண்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். என் நிகழ்ச்சியை வீட்டில் கேட்டுவிட்டு எட்டு மணிக்கு வருபவர்கள். ஒருத்தி பக்கென்று சிரித்தாள்.

“ஐய, அது இந்த அண்ணனோடது! அவரு கிட்டயே சொல்றியே, திருப்பதிக்கே லட்டு விக்கிறியாக்கா?”

“நகரி அக்கா சொன்னதுன்னு சொல்வாரேடி?”

“எந்த அக்கா? நாங்க தெனம் கேட்டுக்கினுதான கிறோம். ஒருநாளும் சொன்னதில்ல. நீதான் ரேடியோவக் கேட்டு காப்பி அடிக்கிற.”

அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘அக்கா சொன்னதுதான்.’ இரண்டே வார்த்தை. பேசியே சோறு தின்பவன் நான்.

“நல்ல சொல்லு யாரு சொன்னா என்னக்கா?” என்று சிரித்தேன்.

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, தறிக்குப் போய் ஸ்விட்சைப் போட்டார்.