ஜாஸ் கச்சேரியில் அட்சதை

எங்கள் மாமாவிடம் எந்த நிகழ்ச்சியை ஒப்படைத்தாலும் அதைக் கல்யாணமாக்கித்தான் திருப்பித் தருவார். அம்மாவின் தம்பியான அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். கட்சிக் கூட்டம் என்றாலும் சரி, கம்பெனிக்காரர்களின் பாதுகாப்பு வாரம் என்றாலும் சரி, வாசலில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டும் பன்னீர்ச் செம்பும் இருந்தாக வேண்டும். பாதுகாப்பு வாரத்துக்கு வந்த அதிகாரி ஒருவர் நெற்றியில் சந்தனத்தோடு தீயணைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் கையில் ஒரு ஜாஸ் விழா சிக்கினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை.

அப்போது நான் கவரைப்பேட்டையில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் இலவசமாக இசை சொல்லிக்கொடுத்தார்கள். சென்னையில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலை அது. அவர்கள் வருஷா வருஷம் ஜாஸ் விழா நடத்துவார்கள். அதில் வரும் டிக்கெட் காசில்தான் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வாத்தியமும் வகுப்பும். முதுகில் சாக்ஸபோன் பெட்டியோடு மின்சார ரயிலிலிருந்து இறங்கி வருவார் எங்கள் மிஸ். வயது அதிகம் இல்லை. யாராவது தப்பாக வாசித்தால் திட்டாமல் சிரித்துவிடுவார், அதனாலேயே நாங்கள் தாராளமாகத் தப்பு செய்தோம்.

எனக்கு வாய்த்தது டிரம்பெட். வாய்த்தது என்றால், மற்ற பிள்ளைகள் கிடாரையும் கீபோர்டையும் பிடித்துக்கொண்ட பிறகு மேசையில் மிச்சமிருந்தது அதுதான். முதல் மாதம் முழுக்க அதிலிருந்து எருமைக் கன்று கத்துவது மாதிரிதான் சத்தம் வந்தது. எங்கள் தெருப் பையன்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “யார் ஊட்ல சாவு?” என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். எங்கள் பக்கத்தில் பிணம் தூக்கும்போது வாசிக்கிற பேண்டு செட்டில் டிரம்பெட் இருக்கும், அதைச் சொல்லிக் கிண்டல். நான் கல்லெடுத்து எறிவேன், மறுபடியும் ஊதுவேன். பிறகு ஒரு நாள் ஒரே ஒரு சுரம், நீளமாக, அப்பழுக்கில்லாமல் வந்தது. அது என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த டிரம்பெட்டை விட்டால் உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

நைனாவுக்குத்தான் பிடிக்கவில்லை. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் அவருக்கு ஷிப்டு வேலை. நான் முதன்முதலில் டிரம்பெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கட்டிலில் கிடந்த அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பிடாமலே வேலைக்குப் போனார். மறுநாள் என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னார்.

“அந்த ஃபங்சன் வரிக்கும் ஊதிக்கட்டும். அப்பால அத்த திருப்பிக் குடுத்துட சொல்லு.”

நான் எனக்குத் தெரிந்தவரையில் காரணம் கண்டுபிடித்தேன். மில்லில் எட்டு மணி நேரமும் காதைப் பிளக்கிற சத்தம். வீட்டுக்கு வந்தாலும் சத்தமா என்று அலுப்பாக இருக்கும். ஆகவே அவர் ஷிப்டுக்குப் போன பிறகுதான் ஊதினேன். விழாவில் என் பங்கை மட்டும் அவர் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டால் போதும், மனசு மாறிவிடுவார் என்று நம்பினேன். என் சாமி, வேண்டுதல், ராத்திரிக் கனவு எல்லாம் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் விழாவில் ஒரு பகுதியை எங்கள் பக்கமே நடத்துவது என்று முடிவானது. கம்பெனி அதிகாரிகள் வந்து பார்த்தால் உதவுவார்கள், பெற்றோர்களும் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கலாம் என்பது மிஸ்ஸின் எண்ணம். ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாமல் மண்டபம் ஈயோட்டிக்கொண்டிருந்தது. மாமா வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, மதியச் சாப்பாடு போட வேண்டும். “சோறு இல்லாத ஃபங்சனுக்கு எவன் வருவான் மிஸ்?” என்றார். மிஸ் சரி என்று தலையாட்டினார்.

எனக்கு ஒதுக்கிய இடம் டிரம்ஸ் தனியாக வாசித்து முடித்த உடனே. அதில் மனசில் வருவதை வாசிக்க வேண்டும், அதுதான் ஜாஸ் என்று மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு என் மனசின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மனசில் என்ன வர வேண்டும் என்பதை இரண்டு மாதம் முன்பே தீர்மானித்து, அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவைத்தேன்.

விழா அன்று காலை மண்டபத்துக்குப் போனால் வாசலில் குலை தள்ளிய வாழைமரம் கட்டியிருந்தது. மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு. சென்னையிலிருந்து ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி ஒரு வாத்தியம் வந்திருந்தது. மாமா அதை மாப்பிள்ளை நாற்காலியில் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தார். மிஸ் அதைப் பார்த்துச் சிரித்தார். அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. முன்வரிசையில் கம்பெனி அதிகாரிகளும் அவர்கள் மனைவிமார்களும். பின்னால் ஆரம்பாக்கத்திலிருந்தும் கவரைப்பேட்டையிலிருந்தும் வந்த குடும்பங்கள். நைனா தூணோரமாக உட்கார்ந்திருந்தார். கச்சேரி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் வேலை செய்யும் அக்காக்கள் இரண்டு பேர் தட்டோடு வரிசை வரிசையாகப் போனார்கள். தட்டில் உதிரிப் பூவும் மஞ்சள் அரிசியும். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. தட்டு வந்தால் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்ளத்தானே பிறந்ததிலிருந்து பழக்கம். அதிகாரிகளும் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் கை மூடி, அடக்க ஒடுக்கமாக ஜாஸ் கேட்டார்கள்.

பிறகு சென்னையிலிருந்து வந்திருந்த டிரம்ஸ்காரர் தொடங்கினார். மழைத் தூறல் மாதிரி மெல்ல ஆரம்பித்து, ஏறி, இன்னும் ஏறி, இரண்டு கையும் கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்குப் போனபோது மண்டபமே அதிர்ந்தது. பின்னாலிருந்த மாமாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எத்தனை முகூர்த்தம் பார்த்த உடம்பு! ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்தினார்.

நாலா பக்கமிருந்தும் அரிசி பறந்தது. டிரம்ஸ்காரரின் தலையில், சட்டைக்குள், தோளில், எங்கு பார்த்தாலும் பூவும் அட்சதையும். பாவம், அவர் அதைப் பாராட்டு என்று நினைத்து இரண்டு மடங்கு வேகமாக அடித்தார். அரிசி டிரம்மின் மேல் பொரி மாதிரி துள்ளியது. கடைசியாக ஒரு பெரிய அடி அடித்து நிறுத்தினார்.

அட்சதை போட்டாயிற்று. இனி என்ன, பந்திதான். மொத்தக் கூட்டமும் எழுந்து கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துப் போய்விட்டது. முதல் பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் அதிகாரிகளின் மனைவிமார்கள்தான் முன்னால் போனார்கள். டிரம்பெட்டை வாயில் வைத்தபடி நான் மேடையில் நிற்கிறேன், எதிரே வெறும் முதுகுகள். அதில் நைனாவின் முதுகும் ஒன்று. எந்த விசேஷத்துக்குப் போனாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பரிமாற இறங்கிவிடுவார். அன்றும் போய்விட்டார். அவர் கேட்பதற்காகவே வைத்திருந்த வாசிப்பு தொடங்காமலே நின்றுபோனது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“எதுக்கு அழற? சாப்பிடறவங்களுக்குக் காது இல்லையா? வா, நாம கீழ போலாம்.”

அப்படியே போனோம். மிஸ் சாக்ஸபோனோடு முன்னால், அந்தப் பெரிய வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர், ஒற்றை டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிரம்ஸ்காரர், கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான். வாழை இலைகளுக்கு நடுவே நின்று மிஸ் கையைக் காட்டினார். நான் ஊதினேன். மனப்பாடம் செய்ததை ஒழுங்காகத்தான் ஊதிக்கொண்டு போனேன். பாயசத் தவலையோடு வந்தவர், “ஓரம் ஓரம்” என்று என்னை இடித்துக்கொண்டு போனதில் பாதியில் எல்லாம் மறந்துபோனது. வேறு வழியில்லாமல் வாயில் வந்ததை ஊதினேன். மிஸ் உற்சாகத்தில் ஓவென்று கத்தினார். ஒரு சூப்பர்வைசர் வாய் நிறையச் சோற்றோடு, “இன்னொரு தபா ஊது பாப்பா!” என்றார்.

நைனா எதிர் வரிசையில் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு இலையிலும் குனிந்து ஏதோ சொன்னார். உடனே அந்த இலைக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடுத்த இலை, அடுத்த தலை. நான் ஏதோ தப்பாக ஊதுகிறேன், அதற்குத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பயந்து, இன்னும் மூச்சைப் பிடித்து ஊதினேன்.

விழா நஷ்டப்படவில்லை. இலையில் சாப்பிட்ட அதிகாரிகள் நல்ல மனசோடு உதவினார்கள், எங்கள் வகுப்பும் நடந்தது. இப்போது அந்த நிறுவனம் சென்னையிலேயே வருஷத்துக்கு ஒரு முறை இலை போட்டு ஜாஸ் வாசிக்கிறது என்று கேள்வி. மாமா இதற்குத் தனக்கு ஒரு சால்வையாவது போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் குறைப்படுகிறார்.

விழா நடந்த அன்று மாலை மாமா என்னிடம் சொன்னார்: “உங்க நைனா இன்னா பண்ணாரு தெரியுமா? சாம்பாரே ஊத்தல. எல எலையா குனிஞ்சு, ‘ஊதறது என் பொண்ணு, அது என் பொண்ணு’ன்னு சொல்லிக்கினே போய்ட்டாரு. பாதி பேரு வெறுஞ்சோறு துன்னுட்டு எழுந்தான்.”

நான் நம்பவில்லை. மண்டபத்து ஜெனரேட்டர் மீந்துபோன பாயசத்தில் ஓடுகிறது என்று முன்பு சொன்னவர் அவர்.

நைனாவின் அப்பா சாவு மேளம் அடித்தவர் என்பதை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பித் தெருவில் நின்றபடியே கூப்பிடுவார்களாம், வர மாட்டேன் என்று சொல்ல முடியாதாம். சின்னப் பிள்ளையாக இருந்த நைனாவும் கூடவே போய் அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறார். இனி என் வீட்டில் எவனும் எதையும் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் மில்லில் சேர்ந்திருக்கிறார். ஏழாவது படித்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சத்தம்தான் பிரச்சினை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்து ஒரு வாரம் ஆகியும் டிரம்பெட்டைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு எழவில்லை. நைனா மறந்துவிட்டார் என்று நினைத்து, ஞாபகம் வந்துவிடாதபடி அதை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒரு நாள் அவர் மில்லில் இயந்திரம் துடைக்கக் கொடுக்கிற வெள்ளை பனியன் துணியில் ஒரு கட்டு கொண்டுவந்து என் கையில் வைத்தார். “நல்ல துணி. வெச்சிக்கோ” என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. சத்தம் வராமல் இருக்கத்தான் என்று புரிந்துகொண்டு, அத்தனையையும் டிரம்பெட்டின் வாயில் திணித்து அடைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு ஊதிக்கொண்டிருந்தபோது நைனா ஷிப்டு முடிந்து உள்ளே வந்தார்.

“இன்னா, சத்தமே காணோம்?”

“துணி அடைச்சிக்கிறேன் நைனா. உனுக்கு பேஜாரா இருக்கக் கூடாதுன்னு.”

நைனா என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரம்பெட்டை வாங்கி, துணியை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். அதிலேயே ஒரு துணியை எடுத்து, பித்தளை பளபளக்கும்வரை சுற்றிச் சுற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். பிறகு எழுந்து போய்த் தெருக்கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லும் வைத்தார். அன்றைக்குப் புழுக்கம் அதிகம். காற்றுக்காகத்தான் திறக்கிறார் என்று நினைத்தேன்.