லிஃப்ட்காரன் வாங்கிய குழந்தை வண்டி

என் தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. இருபது வருடமாக அதே கம்பெனி, அதே நீலச் சட்டை, இடுப்பில் அதே அளவு டேப். எதைப் பார்த்தாலும் முதலில் அகலம் எடுப்பான், பிறகு எடை கேட்பான். கல்யாணத்துக்குக் கட்டில் வாங்கப் போன இடத்தில் "எத்தன கிலோ தாங்கும்?" என்று கடைக்காரரைக் கேட்டு என் மானத்தை வாங்கியவன். கம்பெனியில் அவனுக்கு டேப்பு என்று பெயர். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அவன் ஐந்தாவது மாடி. நான் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை ஈரப் போர்வைகளோடு நின்றுவிட்டு வந்தால் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். வந்ததும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்த சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எரிந்து விழும்போது உங்களுக்குப் புரியும்.

தம்பிக்கு நாற்பது வயதில் பெண் குழந்தை பிறந்தது. அவன் மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் முகமாகப் பார்த்துப் பழகியவள், ஒரு வருட விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தாள். அவள் பேச்சில் சிக்கனம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வாய் நீளம் என்பதால் அவள் சொல்வது பாதி நேரம் யார் காதிலும் விழாது.

குழந்தை வண்டி வாங்க மூவரும் போனோம். இரண்டு வண்டிகள் கடைசிவரை நின்றன. ஒன்று ஒல்லி, மடக்கினால் குடை மாதிரி ஆகிவிடும், தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டையும் உண்டு. இன்னொன்று பெரிய சக்கரமும் கனமான சட்டமுமாகத் தேர் மாதிரி நின்றது. தம்பி தன் கருவிப் பையைத் தேரின் இருக்கையில் வைத்தான். முன்னால் சாய்த்தான், பின்னால் சாய்த்தான், பிரேக்கைப் போட்டுவிட்டு இடுப்பால் மோதினான். அசையவில்லை. ஒல்லியில் அதே பையை வைத்ததும் கைப்பிடி லேசாக வளைந்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது. பிறகு டேப்பை எடுத்தான். எங்கள் லிஃப்ட் கதவு எண்பது சென்டிமீட்டர், தேர் அறுபத்தொன்று. பத்தொன்பது மிச்சம் என்று ஏதோ லாட்டரி விழுந்தவன் போலச் சொன்னான்.

அவன் மனைவி ஒல்லியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இது லேசா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

லேசாக இருப்பது காற்றுக்கு ஆடும் என்றான் தம்பி. மேலே ஏற்றி இறக்கத்தான் லிஃப்ட் இருக்கிறதே, எடை என்ன செய்யும் என்றும் கேட்டான். லிஃப்ட் ஓடாமல் போகலாம் என்று நினைத்து ஒரு பொருளை வாங்குவது அவனுக்குத் தன் தொழிலையே கேவலப்படுத்துவது போல. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிள்ளை விஷயத்தில் நல்ல கனமாகவே இருக்கட்டும் என்றேன். எனக்குக் கால் வலி. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அவள் ஒல்லியை மடக்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். அந்த நாள் நினைவுக்கு வந்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நான்கு மாதம் தேர் ஓடியது. நன்றாகவே ஓடியது, பொய் சொல்லக்கூடாது. குழந்தைக்கு ஐந்து மாதமானபோது லிஃப்ட் நின்றது.

தம்பி மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டான். கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, போர்டு கையில் இருந்தால் இரண்டு மணி நேர வேலை என்றான். ஆனால் எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேறொரு கம்பெனியின் பராமரிப்பில் இருந்தது. மோட்டார் அறைக்கு அவர்கள் பூட்டு. போட்டிக் கம்பெனிக்காரன் கை வைத்தான் என்று தெரிந்தால் இவன் வேலைக்கே உலை. அவர்கள் வந்து 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு தாளை ஒட்டினார்கள். பழுதைப் பார்த்தார்கள், உண்மைதான், பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தினமும் ஊராருடைய எட்டு லிஃப்டை ஓடவைத்துவிட்டு வந்து, என் தம்பி தன் வீட்டுக்கு ஐந்து மாடி ஏறினான். ஊருக்குத்தான் உபதேசம் என்று மூன்றாவது மாடிக்காரர் அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. அந்தத் தாளைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வான்.

அவன் ஏறி இறங்கிவிடுவான். அவள் என்ன செய்வாள்? தேர் பதினான்கு கிலோ. குழந்தை ஏழரை. வண்டியைக் கீழேயே வைக்கலாம் என்றால், தீ பிடித்தால் வழி வேண்டும், நுழைவாயிலில் எதுவும் நிற்கக்கூடாது என்று கட்டடச் சங்கச் செயலாளர் எடுத்து வெளியே போட்டுவிடுவார். குழந்தையை மேலே விட்டுவிட்டு வண்டியை இறக்க முடியாது. வண்டியைக் கீழே விட்டுவிட்டுக் குழந்தையை எடுக்க மறுபடி ஏறினால் வண்டி தெருவில் நிற்கும். குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டே இரண்டு நாள் வெளியே போனாள். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதனால் எனக்கு போன் வரும். "அண்ணி, கொஞ்சம் வர முடியுமா?"

இரண்டேகால் மணிக்கு வரும். அப்போதுதான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருப்பேன். நான் மூன்று மாடி ஏற வேண்டும். பிறகு தேரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உள்ளே குழந்தையோடு, ஐந்து மாடி இறக்க வேண்டும். அவள் திரும்பி வந்ததும் அதே கூத்து மேல்நோக்கி. நான் நல்லவள் போலப் போவேன், ஆனால் சும்மா போக மாட்டேன். ஏறும்போதே எங்கே போகிறாய், எதற்கு, நாளைக்குப் போகக்கூடாதா என்று கேட்டுக்கொண்டே ஏறுவேன். அவள் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பாள். தடுப்பூசி. பால் பவுடர். அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. காரணம் சரியாக இருந்தால் நான் முனகுவதைக் குறைத்துக்கொள்வேன். பிறகு அவள் வாரத்துக்கு ஒருமுறைதான் கூப்பிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

லிஃப்ட் நின்று ஆறாவது வாரம். சலவைக்கூடத்தில் ஒரு இயந்திரம் கெட்டு, அன்றைக்கு எல்லாப் போர்வைகளையும் கையால் பிழிந்தோம். வந்து உட்கார்ந்ததும் போன். மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிவிட்டேன். என் ஜன்னலிலிருந்து தெரு தெரியும். மருந்துக் கடை இடப்பக்கம். அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்ச் உண்டு. அதில் போய் உட்கார்ந்தாள். பேருந்துகள் வந்தன, போயின. அவள் எதிலும் ஏறவில்லை. வண்டியை ஒரு காலால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். பிறகு எழுந்து வந்தாள். வாசலிலிருந்து போன் செய்தாள்.

நான் இறங்கிப் போனதே சண்டைக்குத்தான். "மருந்து எங்க?" என்று கேட்டேன்.

அவள் கையை விரித்துக் காட்டினாள். கையில் எதுவும் இல்லை. "மருந்து எதுவும் வாங்க வேண்டியதில்ல அண்ணி. பொய் சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னது என்று இல்லாமல் பேசினேன். என் கால் என்ன கடன் வாங்கி வந்த காலா என்றேன். பெஞ்சில் உட்காரவா இந்தப் பாடு என்றேன். குழந்தை என் சத்தத்துக்கு உதட்டைப் பிதுக்கியது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அன்றைக்குத்தான் நான் நன்றாகப் பார்த்தேன்.

"சும்மா கீழ வரணும் போல இருக்குன்னு சொல்லி, இந்தக் காலோட உங்கள எப்படிக் கூப்பிடுறது?" என்றாள். "ஒருத்தரக் கூப்பிட்டா ஒரு காரணம் சொல்லணும். எங்கிட்ட காரணமெல்லாம் தீந்து போச்சு, அண்ணி."

வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்தேன். ஐந்து மாடியும் பேசாமல் ஏறினோம். அவளைக் கனத்த வண்டி வாட்டுகிறது, படி வாட்டுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூன்று மாடி ஏறிவந்து எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்த என் வாயும் அதில் சேர்த்தி என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரவு தம்பி வந்ததும் சொன்னேன், வண்டியை மாற்று என்று. அடுத்த வாரம் போர்டு வந்துவிடும் என்றான். இதை அவன் சொல்வது ஆறாவது முறை. நல்ல வண்டி, பிரேக் தங்கம், ஒரு வாரத்துக்காக யாராவது இதை மாற்றுவார்களா என்று ஆரம்பித்தான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கம் என்பார்கள். எனக்கு அன்றைக்கு இடி வாங்கத் தெம்பில்லை.

"டேய் டேப்பு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நிக்காத லிஃப்ட்ட உன் வாழ்க்கையில பாத்திருக்கியா?"

அவன் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டான். கம்பெனியில் தினமும் அடிக்கிற ஜோக் அது. "நிக்காத லிஃப்ட் இருந்தா எனக்கு ஏது சம்பளம்?" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நான் விடவில்லை. வண்டியில் உன் கருவிப் பையை வை, உன் மகள் எடைதான் இருக்கும், தனியாகக் கீழே கொண்டுபோய் மேலே கொண்டுவா என்றேன். காலையில் அவன் வேலைக்குப் போய்விடுவான், இரவுதான் வருவான். நான்கு மாதம் லிஃப்டில் தள்ளிக்கொண்டு போனதைத் தவிர அந்த வண்டியை அவன் ஒருநாளும் தூக்கியதில்லை. அகலம் தெரியும், எடை தெரியும், பிரேக்கின் பிடி தெரியும். தூக்கினால் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது. வீம்புக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினான். சட்டம் ஒவ்வொரு படியிலும் இடிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தோம், திரும்பி ஏறும் வழியில் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தான், நீலச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மேலே நின்ற மனைவியை அண்ணாந்து பார்த்தான். "நீ அன்னிக்கே சொன்ன, இல்ல?" என்றான். அவள் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

விடுமுறை நாளில் மறுபடி கடைக்குப் போனோம். இந்த முறை டேப் வெளியே வரவில்லை. தம்பி கருவிப் பையை அவள் இடுப்பில் குழந்தை மாதிரி வைத்து, மடக்கிய வண்டியை அவள் தோளில் மாட்டி, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னான். வந்திருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அன்று பார்த்த ஒல்லியை அவள் எடுக்கவில்லை. அதை மடக்க இரண்டு கை வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது. பையை இறக்காமலே ஒரு கையால் மடக்க முடிந்த இன்னொன்றை எடுத்தாள். அதன் பிரேக் தம்பிக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். மூடிக்கொண்டான்.

தேரைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். தம்பியே அதை என் வீட்டுக்கு இறக்கிக் கொண்டுவந்தான். துவைத்த துணியைப் போட்டு வைக்கிறேன். ஒரு மாதத் துணி தாங்கும்.

போன வாரம் எனக்கு ஓய்வு நாள். காலையில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, மாடிக்கு மாடி நின்று நின்று இறங்குகிற சத்தம். எழுந்து கதவைத் திறந்தேன். இடுப்பில் குழந்தை, தோளில் வண்டி, தலைகூட ஒழுங்காக வாரவில்லை, நெற்றியெல்லாம் வியர்வை. பார்க்கவே பாவமாக இருந்தது. பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என் நாக்கு இருக்கிறதே, அது சும்மா இருக்குமா?

"எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் தோளில் இருந்த வண்டிப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். "எங்கயும் இல்ல, அண்ணி" என்றாள். இறங்கிப் போனாள்.

நான் ஜன்னலுக்குப் போனேன். அவள் லிஃப்ட் தாளைத் தாண்டி வாசலுக்கு வந்து, ஒரு கையால் வண்டியை விரித்து, குழந்தையை உட்கார வைத்துப் பட்டையைப் போட்டாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.