தேவராஜின் பங்குத் தண்ணீர்

எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியிலிருந்து ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே மணி. ரங்கூனில் மாடி வீடுகள் எல்லாம் இப்படித்தான். முட்டி வலிக்காரர்கள் காய்கறியைக் கயிற்றிலேயே ஏற்றிக்கொள்வார்கள். கீழே டீக்கடை போட்டிருப்பவள் நான், ஃபஹீமா. மேலே இருப்பவள் மங்கலம். அவள் கயிற்றில் ஏறுவது லோஞ்ஜித் துணி, இறங்குவது மூட்டிய லோஞ்ஜி. எங்கள் பசுந்தாங் பேட்டையில் பாதித் தெரு இடுப்பில் கட்டுவது அவள் தைத்ததுதான். கயிற்றைக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டால் போதும், ஜன்னலில் தலை நீட்டி, "கோயில் மணியா இது?" என்று வைவாள்.

போன கோடையில் அந்த மணி யாரும் இழுக்காமலே அடிக்க ஆரம்பித்தது. மத்தியான வேளை, காற்றே இருக்காது. கயிறு என் கண்ணெதிரே அசையாமல் தொங்கும், மேலே மணி அடிக்கும். எலியாக இருக்கும் என்றேன்.

"தம்பி தண்ணி கேக்குறான்" என்றாள் மங்கலம்.

அவளை நன்றாகத் திட்டிவிட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

மங்கலம் பிறந்த இடம் டாங்கிமேடு. போப்பா மலைக்கு அப்பால், உயரத்தில், முள்ளும் செம்மண்ணுமாகக் கிடக்கும் பொட்டல். ரயில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வெள்ளைக்காரன் அங்கே ஒரு டாங்கி கட்டி, அதைப் பார்த்துக்கொள்ள நம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினான். அந்தத் தண்ணீரும் கீழேயிருந்து வண்டியில்தான் வரும். அவன் மூளையை என்ன சொல்ல! இஞ்சின் குடித்தது போக மிச்சம்தான் மனிதருக்கு. அதனால் பெயர் கூப்பிட்டுத்தான் அளப்பார்கள். "உண்டு" என்று பதில் வந்தால் ஒரு பங்கு. ஆள் வெளியூரில் இருந்தால், அந்த வருஷத்தில் அவர் குரலைக் கேட்ட யாராவது அவருக்காக "உண்டு" சொல்லலாம். செத்தவர் பெயரைக் கடைசியாக ஒரு முறை கூப்பிட்டு, அவர் பங்கை வேப்பமரத்தடியில் ஊற்றிவிடுவார்கள். அதன்பின் டாங்கிமேட்டுக்காரர் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

சபாபதி என்று ஒருவரை ஜப்பான்காரன் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. ஊற்றிவிட்டார்கள். சண்டை முடிந்தபிறகு மனிதர் எலும்பும் தோலுமாக நடந்தே வந்து சேர்ந்து, வாளியோடு வரிசையில் நின்றார். எல்லார் பெயரையும் கூப்பிட்டார்கள், அவர் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. பெண்டாட்டி தன் பங்கில் பாதி கொடுத்தாள். அவள் எப்படியும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சாகும்வரை அவர் தினமும் டாங்கியடியில் வந்து நின்று, காலி வாளியோடு திரும்பினாராம். கொடுமை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஊற்றியது ஊற்றியதுதான் என்பார்கள்.

டீசல் வண்டி வந்தது, டாங்கியை மூடினார்கள், ஊர் கலைந்து ரங்கூனுக்கு வந்துவிட்டது. மங்கலத்தின் தம்பி தேவராஜ் மட்டும் தன் ஆடுகளோடு அங்கேயே இருந்துகொண்டான். அந்தப் பக்கம் சண்டை மூண்டு கிராமங்கள் எரிந்தபின் அவன் போன் அடங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் அவன் குரலைக் கேட்கவில்லை.

வந்தவர்கள் வழக்கத்தை விடவில்லை. திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள், நகரமே தண்ணீரை வாரி இறைக்கத் தயாராகும்போது, இவர்கள் இங்கே ஒரு சின்னக் கோயில் வாசலில் கூடித் தம்ளரில் அளப்பார்கள். பெயர் கூப்பிடுவது மங்கலத்தின் பெரியப்பா மகன் பாலசந்தர். அலோன் துறைமுகத்தில் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர். இந்த வருஷம் அதற்குச் சில நாள் முன்னால் என் கடைக்கு வந்து மங்கலத்தைக் கீழே வரச் சொன்னார்.

"இந்தத் தடவ ஊத்திருவோம், மங்கலம். செத்துப் போயிருந்தா அவன் நாக்கு வறண்டு அலைவான்ல."

"உசுரோட இருந்தா, அண்ணே? சபாபதி மாதிரி வந்து நிப்பானே."

அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உண்டுன்னு சொல்லிட்டுப் போயேன் மங்கலம். யாருக்குத் தெரியப்போவுது?"

"தண்ணிக்கு எங்க ஊர்ல யாரும் பொய் சொன்னதில்ல, ஃபஹீமா."

அப்போது மேலே மணி அடித்தது. மாடி வீட்டில் யாருமில்லை. பாலசந்தரின் முழங்கைக்குப் பக்கத்தில் கயிறு அசையாமல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

தண்ணீர் அளக்கும் அன்று நானும் போய்க் கோயில் கேட்டுக்கு வெளியே நின்றேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரியவர்கள் "உண்டு" என்றார்கள், தமிழ் வராத பிள்ளைகள் பர்மியத்தில் "ஷிதே" என்றார்கள். கடைசியில் அக்கா, தம்பி இரண்டு பெயர்தான் பாக்கி.

"தேவராஜ்."

பதில் இல்லை. பாலசந்தர் மறுபடியும் கூப்பிட்டார். எல்லாரும் மங்கலத்தைப் பார்த்தார்கள், அவள் வாய் திறக்கவில்லை. அவர் தேவராஜின் தம்ளரை எடுக்கக் கை நீட்டினார்.

"மொதல்ல என் பேரக் கூப்புடுங்க, அண்ணே."

"மங்கலம்" என்றார், விளங்காமல்.

அவள் "உண்டு" சொல்லவில்லை. தன் தம்ளரை எடுத்துக்கொண்டு கோயில் வேப்பமரத்தடிக்குப் போய், குனிந்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

"தாகமா இருந்தா இத அவன் குடிக்கட்டும். போனது என் பேரு. அவன் பேரு இருக்கட்டும், வந்து கேட்டா கூப்புடுங்க."

பாலசந்தர் அழுதுவிட்டார். நானும்தான்.

உறவு ஒன்றும் அறுந்துபோகவில்லை. வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், முட்டிக்குத் தைலம் வாங்கி வருகிறார்கள். பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. பாலசந்தர் அடையாள அட்டையில் இருக்கும் பர்மியப் பெயரைத் தேடிப் பிடித்து, "டோ கின் மே" என்று கூப்பிடுகிறார். முதல் தடவை கேட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவரை வாசலில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னொன்று. அவள் ஊற்றிய நாளிலிருந்து அந்த மணி தானாக அடிப்பதில்லை. மத்தியானம் வந்தால் எனக்குக் காது மேலேயே இருக்கிறது. ஒன்றுமில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். எலி செத்துவிட்டது போல என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுதும் என் நாக்கை நானே சபித்துக்கொண்டிருந்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போதெல்லாம் நான் கயிற்றை இழுப்பதில்லை. துணியைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, நடுத்தெருவில் நின்று தொண்டை கிழிய "மங்கலம்!" என்று கூப்பிடுகிறேன். டீ குடிப்பவர்கள் முறைக்கிறார்கள், முறைக்கட்டும். ஆறாம் மாடியிலிருந்து "உண்டு" என்று பதில் வந்தபிறகுதான் துணி மேலே போகும்.

நேற்று பதில் சொன்னபிறகும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"ஃபஹீமா, இன்னொரு தடவ கூப்புடு."

கூப்பிட்டேன்.