அழகுத்தாய் காத்த பெட்ரோல்

மூணாறு டவுனை விட்டு உள்ளே தள்ளி, தேயிலைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த எஸ்டேட் டிவிஷனில் அழகுத்தாயைத் தெரியாதவர் கிடையாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் ரோட்டை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. காலமெல்லாம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள். அவள் வீட்டு அடுப்படிக்கு வெளியே, தகரச் சாய்ப்பின் கீழே, வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்று எப்போதும் இருக்கும். அதில் பத்து லிட்டர் பெட்ரோல். அது லயத்துக்கே பொதுவான பெட்ரோல். ஆத்திர அவசரத்துக்கு மட்டும்தான் அதைத் தொடலாம்.

அந்தக் கேன் அவள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் அவள் புருஷன் பாண்டித்துரை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டப் போன இடத்தில் காட்டெருமை முட்டி, தொடை கிழிந்து கிடந்தான். லயத்தில் ஜீப் இருந்தது, ஓட்ட சூசையப்பன் இருந்தான், டேங்கில்தான் பெட்ரோல் இல்லை. டவுனில் அன்று கடையடைப்பு. பக்கத்து டிவிஷனுக்கு ஆள் ஓடி, பாட்டிலில் வாங்கி வருவதற்குள் பாண்டித்துரையின் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் சாக்குப் படுதாவில் இறங்கிவிட்டது. யாரைத் திட்டுவது? எருமையைத் திட்ட முடியுமா, கடையடைப்பைத் திட்ட முடியுமா? அழகுத்தாய் யாரையும் திட்டவில்லை. ஆனால் திட்ட ஆளில்லாத துக்கம் அவளைப் பல வருஷம் உள்ளே அரித்தது.

அதற்குப் பிறகுதான் லயத்துக்காரர்கள் கூடிப் பேசி ஒரு வழக்கம் வைத்தார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வசூலிக்கும்போதே பெட்ரோலுக்கும் சேர்த்து வசூலிப்பது. திருவிழா முடிந்ததும் பழைய பெட்ரோலை ஜீப்பில் ஊற்றிவிட்டுக் கேனைப் புதிதாக நிரப்பி வைப்பது. யார் கையில் கொடுப்பது என்று வந்தபோது ஆண்கள் பெயர் ஒன்றுகூட எடுபடவில்லை. கொடுத்த மறுநாளே அது பைக்கில் ஏறி மறையூர் வரை சுற்றிவிட்டு வரும் என்று பெண்களுக்குத் தெரியும். அழகுத்தாய் கையில் கொடுத்தார்கள்.

அவள் அதைக் காத்த விதம் இருக்கிறதே, சாமி நகையைக்கூட யாரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். காலையில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்த கையோடு மூடியைத் திறப்பாள். மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே விட்டு எடுத்து, கத்தியால் கீறி வைத்த கோட்டில் பெட்ரோல் நிற்கிறதா என்று பார்ப்பாள். குச்சியை முந்தானையில் துடைத்துச் சாய்ப்பில் செருகுவாள். மழையானாலும் பனியானாலும் இது நடக்கும். ராத்திரியில் யாரும் உருவிக்கொண்டு போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மற்ற வேலை ஓடும். இத்தனை வருஷத்தில் கோடு இறங்கியதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை மறைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது.

இடையில் பெட்ரோல் மாறிப்போயிற்று. கரும்பிலும் தானியத்திலும் காய்ச்சி எடுத்த ஸ்பிரிட்டை அதில் ஐந்தில் ஒரு பங்கு கலந்து விற்கத் தொடங்கினார்கள். பெட்ரோல் பங்கில் நோட்டீஸ்கூட ஒட்டியிருந்தது. எத்தனால் என்று அதற்குப் பெயர். லயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூசையப்பன் மட்டும், மைலேஜ் குறைகிறது என்று நாலு நாள் புலம்பிவிட்டு விட்டுவிட்டான்.

அந்த வருஷம் தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழை கொட்டித் தீர்த்தது. மண் சரிந்து டவுன் ரோடு அடைபட்டு, ஜேசிபி வந்து அள்ளிப் போட்ட அன்று காலையில்தான் வழி திறந்தது. அன்று பார்த்துக் கந்தப்பனுக்கு நெஞ்சு வலித்தது. ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஃபாக்டரியில் அரைக்கும் மெஷினில் வேலை பார்த்தவன், அழகுத்தாய்க்குப் பக்கத்து வீடு. அவன் பெண்டாட்டி கோமதியை அழகுத்தாய்தான் போடியிலிருந்து பார்த்துக் கட்டிவைத்தாள். மகள் இல்லாத குறை அவளால் தீர்ந்தது. கோமதி அலறிய சத்தம் கேட்டு லயமே ஓடி வந்தது. ரோடு அடைந்து கிடந்த நாட்களில் ஜீப்பின் டேங்க் கிட்டத்தட்ட வற்றிவிட்டிருந்தது. அழகுத்தாய் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த நேரத்திலும் அவள் மனதில் ஒரு நிம்மதி இருந்தது. இதற்காகத்தானே காத்தோம், பாண்டித்துரைக்கு ஆனது இவனுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜீப் கிளம்பியது. இரண்டு வளைவு ஏறியது. மூன்றாவது வளைவில் இருமியது, திணறியது, நின்றது. சூசையப்பன் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். கந்தப்பன் கோமதியின் மடியில் தலை வைத்து, வியர்த்து வழிந்துகொண்டு கிடந்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் பின்னால் ஒரு வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் பாலக்காடு கல்பாத்திக்காரப் பையன், சுதீப் என்று பெயர், இன்ஜினியர். எந்த அளவில் ஸ்பிரிட் கலந்து ஊற்றினாலும் தானே அறிந்து அதற்கேற்ப ஓடுகிற வண்டி அது. ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் என்பார்கள். மழையிலும் மலையிலும் ஓட்டிப் பார்க்க ஒரு கம்பெனி அவனை அனுப்பியிருந்தது. அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் கந்தப்பனை ஏற்றிக்கொண்டான். ஆனாலும் காத்திருந்த நேரம் காத்திருந்ததுதான். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த வார்த்தை கோமதியின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மறுநாள் சூசையப்பன் ஜீப்பின் டேங்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார்த்தான். மேலே பெட்ரோல், கீழே தெளிவாக வேறொன்று. கேனின் அடியில் மிச்சமிருந்ததும் அப்படியே இருந்தது. அவன் கணக்குப்படி பத்து லிட்டரில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீர். அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாலு பேரிடம் காட்டினான். பெட்ரோலை விற்றுவிட்டுக் கோடு இறங்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் கையில் சாயா வாங்கிக் குடித்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அழகுத்தாய் ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொண்டாள். கோமதி என்ன நினைக்கிறாள் என்பதுதான் அவளைத் தின்றது. காரியம் முடிந்த அன்று கோமதியே வாசலில் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க அத்த. வித்தீகளா?"

"இல்ல தாயி. என் கை அதுல ஒரு சொட்டு எடுக்கல."

கோமதி நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோயில் கமிட்டித் தலைவர் நல்லதம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துப் பொய் சொன்னால் வம்சம் விளங்காது என்பது நம்பிக்கை. எனக்கு வம்சமே இல்லையே, நான் எதை வைத்துச் சத்தியம் பண்ண என்று அழகுத்தாய் கேட்டதாகவும் சொல்வார்கள். ஆனாலும் குளித்துவிட்டு வந்து நின்றாள்.

சூடம் ஏற்றுவதற்கு முன் சூசையப்பன் வந்தான், கூடவே சுதீப். தன் மடியில் உயிர் போனதுபோல அந்தப் பையனுக்கும் தூக்கமில்லை. டவுனில் சூசையப்பனைப் பார்த்து விசாரித்தவன், விஷயத்தைக் கேட்டதும் பதறிப் போய்ப் புறப்பட்டு வந்திருந்தான். பாட்டிலில் மேலே நின்ற பெட்ரோலை மெல்ல வடித்துவிட்டு, தண்ணீர் என்று எல்லாரும் சொன்ன அடிப்பகுதியில் கொஞ்சத்தைப் பித்தளைத் தட்டில் ஊற்றினான். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினான். தட்டில் அது நீலமாகப் பற்றி எரிந்தது.

"இது வெறும் ஜலம் இல்லை, கேட்டேளா. பெட்ரோல்ல கலந்திருக்கற ஸ்பிரிட்டாக்கும். கொஞ்சமே கொஞ்சம் ஜலம் பட்டாப் போறும், அத்தனை ஸ்பிரிட்டும் பெட்ரோலை விட்டுட்டு ஜலத்தோட சேர்ந்து அடியில உக்காந்துடும். மாமி எதையும் எடுக்கலை."

பத்து லிட்டருக்கு அரை டம்ளர் தண்ணீரே அதிகம் என்று அவன் விளக்கினான். பழைய பெட்ரோலில் அந்த அரை டம்ளர் அடியில் கிடக்கும், ஜீப் இருமிவிட்டுப் போய்விடும். இப்போது அது ஸ்பிரிட் முழுவதையும் கீழே இழுத்துக்கொள்கிறது. தன் வண்டி ஸ்பிரிட்டுக்கென்றே செய்தது, அதுவே தண்ணீர் சேர்ந்தால் தடுமாறும், இந்தப் பழைய ஜீப் என்ன செய்யும் என்றான். மழைக்காலத்தில் மூடி வழியாக ஈரம் இறங்கியிருக்கும், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்று முடித்தான்.

நல்லதம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அழகுத்தாயிடம் மன்னிப்புக் கேட்டார். சூசையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள். எல்லாம் தீர்ந்த மாதிரிதான் இருந்தது. அழகுத்தாய் அந்த இடத்தில் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் இன்றுவரை யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இந்த மாதிரி மனுஷிகளுக்கு அது மட்டும் வராது.

"தம்பி, ஈரக் குச்சிய உள்ள விட்டு அளந்தா, அந்தத் தண்ணி போதுமா?"

சுதீப்புக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகம் மாறியது. ஒரு தடவை இரண்டு தடவையில் ஒன்றும் ஆகாது என்று சமாளித்தான்.

"தெனமும் விட்டேன்," என்றாள் அழகுத்தாய். "மழையில நனைஞ்ச முந்தானையிலதான் தொடச்சேன். மழைக்குள்ளதான் மூடியத் தொறந்தேன்."

அவன் மெல்லத் தலையாட்டினான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. திரும்பிக் கோமதியைத் தேடினாள். கோமதி கோயில் தூணை ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"களவாண்டிருந்தீகன்னா ஒங்கள வெறுத்துட்டுப் போயிருப்பேன் அத்த," என்றாள். குரல் உயரவில்லை. "இப்ப நான் யார வெறுக்க?"

"என்னையவே வெறு தாயி. வெறுக்க ஒரு ஆளும் இல்லாம இருக்கது இதவிடக் கஷ்டம். நான் அனுபவிச்சவ."

கோமதி அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அழகுத்தாயோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறாள். அடுத்த திருவிழாவுக்குள் லயத்துக்காரர்கள் தகரக் கேன் வாங்கி, மூடிக்குச் சீல் வைத்து, மாதம் ஒருமுறை பெட்ரோலை மாற்றுவது என்று ஏற்பாடு செய்தார்கள். அதையும் அழகுத்தாய் வீட்டிலேயே வைக்கச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

உடம்பு தளர்ந்துவிட்டது. மதுரையில் இருக்கும் தம்பி மகன் வந்து கூப்பிட்டுப் பார்த்தான். இந்தக் குளிரில் தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டான். அவள் பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:

"அவ என்கிட்ட பேசுற அன்னைக்கு அவ மனசு ஆறிருச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் நான் இங்கதான் உசுரோட இருக்கணும்யா."