இந்தப் பாட்டு யாருக்கு?

சென்ற வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில், கிளம்பாத பஸ் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பக்கத்து சீட்டுப் பெண் போனில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள் என்பதைவிடத் தள்ளினாள் என்று சொல்லலாம். நாயகி ஒரு கையைத் தூக்குவாள். மறு கையைத் தூக்குவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும். ஒன்றையாவது முடியவிடுவாளா என்று நான் எட்டி எட்டிப் பார்த்ததில், போனை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான். ஒரு காலத்தில் இந்த ஊரில் பாட்டு வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று இருந்தது. கல்லூரி முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். எனக்கு ழகரம் ஒழுங்காக வரும் என்பதுதான் தகுதி. மாலை நான்கு முதல் ஆறு வரை நேரடி நிகழ்ச்சி. நேயர்கள் போனில் பெயர், ஏரியா, பாட்டு, அது யாருக்கு என்று சொல்வார்கள். பாட்டைப் போட்டுவிடும் ரவி அண்ணன் அலமாரியில் சி.டி.யைத் தேடுவார். அவருக்கு அது கிடைக்கும்வரை நான் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். சில பாட்டுகளுக்கு வாய் வலிக்கும். கேமராவில் மேசைக்கு மேலேதான் தெரியும் என்பதால், மேலே புதுச் சுடிதார் டாப்ஸ், கீழே வீட்டில் போடும் சாயம் போன பாவாடை என்று ஊருக்குக் காட்சி கொடுத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் சி.டி. பிளேயர் சூடேறி, அறை முழுக்க பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் சாந்தி அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

முதலில் பேசியது அவருடைய கணவர் தனபால்தான். கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நாயகன் மழையில் நனைந்தபடி நாயகி வீட்டு வாசலில் நிற்கும் பாட்டைக் கேட்டார்.

"இந்தப் பாட்டு யாருக்குங்க?"

"என் ஒய்ஃப் சாந்திக்குங்க. பத்து நாளா எங்கிட்ட பேசறதில்ல. சோறு மட்டும் வைக்கிறாங்க."

நான் சிரித்தபடியே இருந்தேன். பழக்கம்.

மறுநாள் சாந்தி அக்காவே லைனில் வந்தார். நாயகி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியாக ஆடும் பாட்டு ஒன்று உண்டு, அதைக் கேட்டார்.

"யாருக்குங்க?"

"நேத்து மழையில நின்னவருக்கு."

மூன்றாம் நாளுக்குள் விஷயம் ஊர்ச்சொத்தாகிவிட்டது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையிலிருந்து, "நாங்க பன்னெண்டு பேரும் மெஷினை நிறுத்திட்டுப் பார்க்கறோம், அந்த அக்காவைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லுங்க" என்றார்கள். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர், "அவா ஆத்து விஷயத்துல நாம தலையிடப்படாது" என்று ஆரம்பித்து, நான்கு நிமிடம் தலையிட்டார். யாரும் தனக்கென்று பாட்டுக் கேட்கவில்லை. எல்லாம் கைலாசபுரத்துக்கே போனது. முதலாளிக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான்; தெருவில் என்னை நிறுத்தி விசாரித்தார்கள்.

நாலாம் நாள் தனபால் கேட்ட பாட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. நாயகன் திறந்த வாயோடு திரையில் நின்றுவிட்டார். ரவி அண்ணன் சி.டி.யை எடுத்து வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார். நான் எதையாவது பேசி நேரத்தை ஓட்ட வேண்டும். ஓட்டினேன்.

"சாந்தி அக்கா, அண்ணன் பாவம் இல்லையா? பேசிடுங்களேன், நாங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்கோம்!"

உடனே போன் அடித்தது.

"சாந்தி பேசறேன். எங்கம்மா செத்த பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வரலைங்க. ஓவர்டைம் போயிட்டார். அதுக்கு ஏதாச்சும் பாட்டு இருக்கா உங்ககிட்ட?"

என்னிடம் இருந்தது சிரிப்பு ஒன்றுதான். அதை எப்படி இறக்கிவைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ரவி அண்ணன் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தைப் போட்டு என்னைக் காப்பாற்றினார். அன்று வீட்டுக்கு நடந்துபோனபோது யாரும் என்னை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் முதல் அழைப்பே தனபால்.

"பாட்டு வேணாங்க. அன்னைக்கு நான் போயிருக்கணும். ஊருக்கெல்லாம் கேக்கட்டும்னுதான் இங்க சொல்றேன்."

வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்பதற்காகக் கைலாசபுரம் போனேன். பஸ் நிறுத்தத்தில் விசாரித்தால், "பாட்டுக் கேக்கறவங்க வீடுதானே?" என்று கையைக் காட்டினார்கள். கதவைத் திறந்த சாந்தி அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"டிவில உயரமா தெரிஞ்சீங்க."

"தப்பாப் பேசிட்டேன்க்கா."

"ஆமா, தப்புதான். உள்ள வாம்மா."

வரவேற்பறைச் சுவரில் அவருடைய அம்மாவின் படம், புது மாலையோடு இருந்தது. மாலையை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. தனபால் மூலையில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். வெகு நேரமாகியும் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. சாந்தி அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மூணு டம்ளர் எடுங்க" என்றார்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் கணவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அது அப்போது எனக்குத் தெரியாது. தனபால் எழுந்த வேகத்தில் பேப்பர் பறந்தது. டம்ளர் எங்கே இருக்கும் என்பது மறந்துபோய், அவர் எல்லா அலமாரியையும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எங்கே என்று சாந்தி அக்கா சொல்லவில்லை. எப்படியோ தேடி எடுத்துவந்தார். டீ நன்றாகவே இருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து பாட்டுக் கேட்டு போன் வரவே இல்லை.

பிறகு சத்திரம் கடைகளில் மெமரி கார்டில் மொத்தமாகப் பாட்டு ஏற்றித் தர ஆரம்பித்தார்கள். அப்புறம் நெட் வந்தது. யாருக்கு என்ன பாட்டு வேண்டுமோ அது அவரவர் கையில் ஓடியது. வீடுகளுக்குப் புது கேபிள் பெட்டி வந்தபோது அதில் எங்கள் சேனல் எந்த நம்பரில் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. காணோமே என்று யாரும் கேட்கவும் இல்லை.

மூடப்போகிறார்கள் என்று தெரிந்த அந்தக் கடைசி வாரத்தில் ஒரு மாலை, நான்கு மணிக்கு உட்கார்ந்தேன். நாலரை ஆனது. ஐந்து ஆனது. போன் அடிக்கவில்லை. லைன் செத்திருக்குமோ என்று ரவி அண்ணன் தன் செல்லிலிருந்து போட்டுப் பார்த்தார். மேசையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"வணக்கம். யார் பேசறீங்க? எந்த ஏரியா?"

நாலு அடி தள்ளி அலமாரிப் பக்கம் நின்றிருந்தவர், செல்லைக் காதிலிருந்து எடுக்காமல் சொன்னார்:

"ரவி, ஸ்ரீரங்கம். எதையாவது போடும்மா."